திரையில் காணாமற்போன பூக்காரன்



விடுமுறையில் 'பொன்னியின் செல்வன்' வாசிக்குமாறு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கூறினேன். "இரண்டு படமும் கிள்ளானில் பார்த்துவிட்டோம், டீச்சர். கதை தெரியும்" என்றாள். அவள் தாயாரும் தலையசைத்தார்.

உண்மையில் தெரியுமா? கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய அந்நாவல் ஆடிப்பெருக்குத் திருநாளில் தொடங்குகிறது. வீரநாராயண ஏரிக்கரையில் மக்கள் குடும்பத்தோடு களித்திருக்க, வந்தியத்தேவன் குதிரைமேல் வியந்தவாறு செல்கிறான். மணிரத்னத்தின் 2022ஆம் ஆண்டுப் படமோ போர்க்களத்திலிருந்து புறப்படுகிறது. குறைகூற மாட்டேன், ஐந்து பாகங்களை இரண்டு படங்களில் அடக்குவது எளிதன்று. மணிமேகலை அறவே இல்லாததையும் பொறுத்துக்கொள்ளலாம்.

சேந்தன் அமுதன் கதையைத்தான் பொறுக்க இயலவில்லை. நாவலில், கோயிலுக்குப் பூத்தொடுக்கும், ஊமைத்தாய் வளர்த்த அவ்விளைஞனே உண்மையான மதுராந்தகன். அருள்மொழிவர்மர் தமக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் சூட்டுகிறார். 2023இல் வந்த இரண்டாம் படத்திலும் தியாகம் உண்டு. ஆனால் அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனே அரசனாகிறான். சேந்தன் அமுதன் சேந்தன் அமுதனாகவே நின்றுவிடுகிறான். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தத் திருப்பம் எவ்வளவு நெருக்கமானது!

பன்னிரண்டு வயதில் ஐந்து பாகங்களும் மிகை என்பதை அறிவேன். முதல் அத்தியாயத்தை இரவில் உரக்க வாசித்துக்காட்டுமாறு தாயாரிடம் வேண்டி, முதல் பாகத்தை மட்டும் கொடுத்தனுப்பினேன். பள்ளி திறந்ததும் அந்த ஏரிக்கு எத்தனை கணவாய்கள் என்று கேட்பேன். படம் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது.