பொம்மையின் கை யாருடைய பிடியில்?

ரொறன்ரோவில் வாழும் என் மருமகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். அவனுடைய பதினொரு வயது மகள் லெகோ பொம்மைகளைக் கணினித் திரையில் நிறுத்திப் படக்கதை செய்யத் தொடங்கியிருக்கிறாளாம். "மாமா, பிள்ளைக்கு எந்த மென்பொருளைப் போட்டுக் குடுக்கிறது? எல்லாம் ஒண்டுதானே?" என்றான்.

ஒன்றல்ல. இதைச் சொல்வதற்கு எனக்கொரு சொந்தக் காரணம் உண்டு.

தொண்ணூறுகளில் நான் எழுதிய பத்திகள் யாவும், அப்போது பணியாற்றிய பத்திரிகை தனக்கென்று செய்வித்துக்கொண்ட ஓர் எழுத்துருவில் தட்டச்சாகின. பாமினியில் எழுதியிருந்தாலாவது இன்று ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த எழுத்துருவோ பத்திரிகையின் பழைய கணினிகளோடு போய்விட்டது. நெகிழ்வட்டுகளிலிருந்து பிரதியெடுத்துத் திறந்து பார்த்தபோது, ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் குழம்பிய ஒரு களேபரமே திரையில் தெரிந்தது. எழுதியவன் நான்தான், வாசிக்கும் உரிமை மட்டும் என்னிடம் இருக்கவில்லை.

இப்போது பொம்மைக்கு வருவோம். 1978 இல் வெளிவந்த லெகோ மனித உருவுக்கு அசையும் இடங்கள் ஏழே ஏழு: தலை, இரு தோள்கள், இரு கைகள், இரு கால்கள். முழங்கையும் இல்லை, முழங்காலும் இல்லை. இதைத் திரையில் அசைப்பதற்குப் போசர், டாஸ் ஸ்டூடியோ போன்றவற்றை நாடுவது கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டுவருவதாகும். ஓவியர்கள் வைத்திருக்கும் மரப்பொம்மைக்கு மாற்றாகப் பிறந்தது போசர். மனித உடலின் வளைவு நெளிவுகளே அதன் அக்கறை. பிளெண்டர் எதையும் செய்யும், ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையை முதல் வாரத்திலேயே அழவைத்துவிடும்.

லெகோ நிறுவனமே 2004 இல் லெகோ டிஜிற்றல் டிசைனர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. எளிமையானது, பிள்ளைகள் மொய்த்தார்கள். 2022 இல் நிறுவனம் அதற்கு மூடுவிழா நடத்தியது. அதற்குப் பதிலாக, 2019 இல் தான் வாங்கிக்கொண்ட பிரிக்லிங்கின் ஸ்டூடியோ மென்பொருளைக் காட்டியது. பழைய கோப்புகளை ஸ்டூடியோ உள்வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. நன்றி சொல்லலாம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் தயவுபண்ணி மாற்று வீடு தந்தார் என்பதற்காக நாம் வாடகைக்காரர் இல்லை என்று ஆகிவிடுமா?

மறுபுறத்தில் எல்டிரோ. 1995 இல் ஜேம்ஸ் ஜெசிமன் என்ற ஆவுஸ்திரேலியர் தனியொருவராகத் தொடங்கியது. 1997 இல் அவர் இறந்துவிட்டார். அவருக்கு முகங்கூடக் காட்டியிராத ஆர்வலர்கள் ஒவ்வொரு துண்டாக வரைந்து அதனை இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். இது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேட்டில் திறக்கலாம். ஒரு துண்டுக்கு ஒரு வரி: நிறத்துக்கு ஓர் எண், இருக்கும் இடத்துக்கு மூன்று எண்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு ஒன்பது எண்கள், கடைசியில் துண்டின் பெயர். பொம்மை கையை உயர்த்துவது என்றால் அந்த ஒன்பதில் சில மாறுகின்றன. மந்திரமோ இரகசியமோ ஏதும் இல்லை. செய்தவர் மறைந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: லியோகாட் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் கொடு. மனித உருவுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. தலை, தொப்பி, கை என்று தெரிந்தெடுத்து, கோணத்தை எண்ணாகக் கொடுத்தால் போதும். விண்டோசிலும் மக்கிலும் லினக்சிலும் ஓடும். சேமிப்பது எல்டிரோ வடிவில்தான். ஸ்டூடியோவைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. ஒளியும் நிழலும் விழ, மெய்யான பிளாஸ்ரிக் போலவே படமெடுத்துத் தருவதில் லியோகாட் அதன் கிட்டவும் நிற்காது. படம் வேண்டுமென்றால் அங்கே கொண்டுபோகட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்டிரோ வடிவில் ஒரு பிரதியை எடுத்து வைக்கட்டும்.

"சின்னப் பிள்ளையின்ர விளையாட்டுக்கு இவ்வளவு யோசிக்க வேணுமே மாமா?" என்று சிரித்தான். அவள் செய்யும் கதை எதுவென்று விசாரித்தேன். என் தமக்கை, அதாவது அவளுடைய அப்பம்மா, இரவில் தொலைபேசியில் சொல்லும் ஊர்க்கதைகளாம். தமக்கைக்கு இப்போது எழுபத்தொரு வயது. அதன்பிறகு அவன் சிரிக்கவில்லை.

நேற்று மீண்டும் அழைத்தான். பிள்ளை கோப்பை நோட்பேட்டில் திறந்து, தலைக்குரிய வரியில் ஓர் எண்ணை மாற்றிப் பார்த்திருக்கிறாள். எல்டிரோவில் ஓர் அலகு 0.4 மில்லிமீற்றர், இவள் நூறைக் கழித்துவிட்டாள். தலை உடலை விட்டு மேலே எழும்பி நின்றதாம். திருத்தித் தரட்டுமா என்று தகப்பன் கேட்க, வேண்டாம் என்றுவிட்டாளாம். அப்பம்மாவின் கதையில் வரும் புளியமரத்துப் பேய்க்கு அது சரியாக இருக்கிறதாம்.