பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ளவும்

பைத்தான் மொழிக்கு 'பேட்டரியும் சேர்த்தே' என்று ஒரு பெருமை உண்டு. பொம்மை கார் வாங்கினால் பேட்டரிக்கு மறுபடி கடைக்கு ஓட வேண்டாம், டப்பாவிலேயே இருக்கும் என்ற அர்த்தத்தில். பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு இது பாதிதான் உண்மை. சிஎஸ்வி கோப்பைப் படிக்க டப்பாவிலேயே வழி இருக்கிறது. எக்செல் கோப்பு என்றால் ஓபன்பைஎக்செல் என்ற பேக்கேஜைத் தனியாக இறக்க வேண்டும். எங்கள் உலகமே எக்செல்லில்தானே கிடக்கிறது!

"பிப்-இல் ஒரு வரி அடித்தால் வந்துவிடுமே" என்பார்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள். வரும், இணையம் இருந்தால். பல கல்லூரி லேப்களில் அது கிடையாது. வருடத் தொடக்கத்தில் ஒருவர் வந்து எதை நிறுவிவிட்டுப் போகிறாரோ அதுதான் வருடம் முழுக்க. ஆக, மாணவன் எதைக் கற்றுக்கொள்வான் என்பதை இன்ஸ்டாலரே தீர்மானித்துவிடுகிறது.

எதிர்த்தரப்பு வாதம் லேசானதல்ல. மொழியின் நூலகத்துக்குள் போய்விட்ட பேக்கேஜுக்குப் புது வசதி வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை வரும் பைத்தான் வெளியீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். ரிக்வெஸ்ட்ஸ் பேக்கேஜைப் பைத்தானின் சொந்த ஆவணமே பரிந்துரைக்கிறது, ஆனாலும் அது வெளியேதான் நிற்கிறது. உள்ளே போனதை வெளியே எடுப்பதும் பெரும்பாடு. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான் யாரும் சீண்டாத 19 பழைய மாட்யூல்களைத் தூக்கினார்கள்.

ஆனால் மொழியின் அங்கமாக்குவது வேறு, ஒரே டப்பாவில் போட்டுக் கொடுப்பது வேறு. புள்ளியியல்காரர்களின் 'ஆர்' மொழியைப் பாருங்கள். அதன் இன்ஸ்டாலரில் 'பரிந்துரைக்கப்பட்டவை' என்று 15 பேக்கேஜ்கள் கூடவே வருகின்றன. அதில் ஃபாரின் என்பது எஸ்பிஎஸ்எஸ், ஸ்டாட்டா கோப்புகளைப் படிக்கும். இவற்றுக்குத் தனித்தனி வெளியீடுகள் உண்டு, மொழியைத் தொடாமலே புதுப்பித்துக்கொள்ளலாம். அவ்வளவு ஏன், பிப்பும் பைத்தானின் அங்கமல்ல, தனிப் பேக்கேஜ்தான். 2014-இல் வந்த 3.4 முதல் இன்ஸ்டாலரிலேயே வருகிறது, இணையம் இல்லாமலே நிறுவிக்கொள்கிறது. அதற்கு ஒரு நியாயம், ஓபன்பைஎக்செல்லுக்கு ஒரு நியாயமா?

அனகோண்டா இருக்கிறதே என்றால்... அது பல நூறு எம்பி. ஒரு பேட்டரி கேட்டால் கடையையே தூக்கிக் கொடுப்பது மாதிரி :-)

எதைச் சேர்ப்பது என்று சண்டை வரும், வரட்டும். என் ஓட்டு ஓபன்பைஎக்செல், ரிக்வெஸ்ட்ஸ், நம்பை மூன்றுக்கும். இன்ஸ்டாலரில் ஒரு டிக் பெட்டி வைத்துவிட்டால், வேண்டாதவர்கள் டிக்கை எடுத்துவிட்டுப் போகலாம்.