கழுத்துக்கும் வேண்டும் கவசம்!

தலைக்கு ஹெல்மெட், முழங்காலுக்கு கார்டு, காலுக்கு பூட்ஸ்... மண்பாதையில் பைக் ஓட்டக் கிளம்புபவர்கள் இதையெல்லாம் வாங்கிவிடுவார்கள். விட்டுப்போவது பெரும்பாலும் கழுத்துதான். 'அதான் ஹெல்மெட் இருக்கே!' என்ற நினைப்பு. ஆனால், ஹெல்மெட் காப்பது மண்டையை. தலைகுப்புற விழும்போது உடம்பின் பாரம் வந்து இறங்குவது கழுத்தின் 7 எலும்புகள் மீது.

தென்னாப்பிரிக்க டாக்டர் கிறிஸ் லியாட், 2001-ல் ஒரு பைக் பந்தயத்தில் சக வீரர் விழுந்து இறந்ததைப் பார்த்தவர். அவருடைய சின்ன மகனும் அப்போதுதான் பைக் ஓட்டத் தொடங்கியிருந்தான். அந்தக் கவலையில் பிறந்ததுதான் இன்று பலரும் அணியும் 'லியாட் நெக் பிரேஸ்'.

எப்படிக் காப்பாற்றுகிறது?

நெக் பிரேஸ் தோள்மேல் வளையம்போல உட்காரும். விழும்போது தலை அளவுக்கு மீறி மடங்கப் போனால், ஹெல்மெட்டின் கீழ்விளிம்பு அதில் முட்டி நிற்கும். கழுத்து தாங்க வேண்டிய விசையில் ஒரு பங்கு மார்புக்கும் முதுகுக்கும் பிரிந்துபோகும். கழுத்துவலிக்குக் கட்டும் காலரோ, ஸ்பாஞ்ச் வளையமோ இந்த வேலையைச் செய்யாது.

வாங்கும்போது...

* ஹெல்மெட், மார்புக் கவசம் இரண்டையும் கடைக்கு எடுத்துப்போய், எல்லாவற்றையும் சேர்த்து அணிந்து பாருங்கள். கவசத்தின் மேல் பிரேஸ் ஆடினாலோ, தூக்கிக்கொண்டு நின்றாலோ வேறு மாடல் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால், மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

* முகத்தையும் தாடையையும் மூடும் ஹெல்மெட்டுடன் மட்டுமே இதை அணிய வேண்டும்.

* பைக்கில் எழுந்து நின்று ஓட்டும் நிலையில் இருந்தபடி மேலே, கீழே, பக்கவாட்டில் பாருங்கள். சாதாரணமாகத் தலையைத் திருப்பும்போது இடிக்கக் கூடாது. அதேநேரம், ஹெல்மெட் முட்டவே முடியாத அளவுக்கு இடைவெளி இருந்தால் பிரேஸ் வெறும் அலங்காரம்தான்.

* குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலேயே வாங்குங்கள். 'வளர்ந்தா சரியாயிடும்' என்ற கணக்கு பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்கு ஆகாது.

* பழைய பிரேஸ் என்றால் விரிசல், தளர்ந்த கொக்கி இருக்கிறதா எனப் பாருங்கள். விழுந்து அடிபட்டதை அப்படியே மீண்டும் அணிய வேண்டாம்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

நெக் பிரேஸ் எந்த விபத்திலும் கழுத்தைக் காப்பாற்றிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதில் வீரர்களிடமே கருத்து வேறுபாடு உண்டு. அதை மாட்டிக்கொண்டோம் என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டுவது, அணியாமல் ஓட்டுவதைவிட ஆபத்து.

கிளம்பும் முன், பிரேஸைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்பதை உடன் வருபவருக்குக் காட்டிவிடுங்கள். யாராவது விழுந்து கழுத்தில் அடிபட்டிருக்கும் என்று தோன்றினால், தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஹெல்மெட்டை அவசரமாகக் கழற்றாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்கு அழையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால், அதை முதலில் சொல்லி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.