ஆசிடில் ‘பிழைத்திருக்கும்’ நுண்ணுயிரிகளா? அந்த ஆசிடைத் தயாரிப்பதே அவைதான்!

அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில், ரெட்டிங் நகரத்துக்குப் பக்கத்தில் அயர்ன் மவுன்டன் என்று ஒரு மலை. 1860-களில் ஆரம்பித்து 1963 வரை தங்கம், வெள்ளி, தாமிரம், துத்தநாகம் என்று கிடைத்ததையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, அப்படியே கைவிட்டுப் போனார்கள். அதற்குள் இருக்கும் ரிச்மண்ட் சுரங்கத்தில் சொட்டிய தண்ணீரை விஞ்ஞானிகள் பின்னாளில் அளந்தபோது கிடைத்த பிஹெச் அளவு, மைனஸ் 3.6.

பிஹெச் 0-வில் ஆரம்பித்து 14-இல் முடியும் என்றுதானே ஸ்கூலில் படித்தோம்? இது அதற்கும் கீழே. கார் பேட்டரி ஆசிட்கூட இதன் பக்கத்தில் வராது.

அந்தச் சொட்டுகள் ஆவியாகி ஆவியாகிச் சுண்டிப்போனவை, அவற்றை விட்டுவிடுவோம். அதே சுரங்கத்தில் பிஹெச் 1-ஐ ஒட்டி, 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓடும் தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ மிதக்கிறது. ஆறிய பாலில் ஆடை படியுமே, அந்த மாதிரி. அந்த ஆடை முழுக்க உயிர்கள்.

இந்த மாதிரி விஷயம் நம்ம டைம்லைனில் வந்தால் ‘ஆசிடிலும் அசராத அதிசய உயிரி’ என்றுதான் வரும். எனக்கு அந்தத் தலைப்பில் உடன்பாடு இல்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் ஜீவன் போல அது காட்டுகிறது. நிஜத்தில் அந்த ஆசிடின் பெரும்பகுதி உருவாகக் காரணமே இந்த நுண்ணுயிரிகள்தான். அவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது நாம்.

எப்படி என்றால், பைரைட் என்று ஒரு கனிமம் உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, மின்னுவதைப் பார்த்துத் தங்கம் என்று ஏமாந்தவர்கள் ஏராளம். காற்றுப் படாமல் பூமிக்குள் கிடக்கும்வரை சாது. சுரங்கம் வெட்டினால் ஆக்ஸிஜனும் தண்ணீரும் உள்ளே போகும். பைரைட் கரைய ஆரம்பிக்கும், கந்தகம் சல்ஃப்யூரிக் ஆசிடாக மாறும், இரும்பு தண்ணீரில் கலக்கும். அந்த இரும்பு ஒரு எலக்ட்ரானை இழந்து ஃபெர்ரிக் இரும்பாகிவிட்டால், அதுவே திரும்பிப் போய் பைரைட்டைத் தாக்கி இன்னும் ஆசிடை உண்டாக்கும்.

ஒரே ஒரு சிக்கல். அமிலத் தண்ணீரில் அந்த எலக்ட்ரான் தானாகக் கழன்று வர வருஷக்கணக்கில் ஆகும். அதாவது, சும்மா விட்டால் இந்தச் சக்கரம் நகர்ந்து நகர்ந்துதான் சுற்றும். இங்கேதான் நம்ம ஆட்கள் வருகிறார்கள். லெப்டோஸ்பைரில்லம், ஃபெர்ரோபிளாஸ்மா போன்ற நுண்ணுயிரிகளுக்கு அந்த எலக்ட்ரான்தான் சாப்பாடு. நுண்ணுயிரிகள் இருந்தால் இந்த ஒரு படி மட்டும் 10 லட்சம் மடங்கு வேகமாக நடக்கிறது என்று 1970-இலேயே சிங்கர், ஸ்டம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இரும்பிலிருந்து கிடைக்கும் எனர்ஜி ரொம்பக் கம்மி என்பதும் ஒரு காரணம். பொரியை மட்டும் தின்று வயிற்றை நிரப்புகிற கதை, மூட்டை மூட்டையாக வேண்டும்.

சரி, வெந்து போகாமல் எப்படி இருக்கின்றன?

ஆசிட் என்றாலே தண்ணீரில் சுற்றும் புரோட்டான்கள்தான். வெளியே பிஹெச் 1 இருக்கும்போது, இந்த செல்களின் உள்ளே கிட்டத்தட்ட 6. பிஹெச்சில் ஒவ்வொரு எண்ணும் 10 மடங்கு. ஆக, ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 1 லட்சம் மடங்கு வித்தியாசம்! ஆசிடில் ஊறினாலும், உள்ளே ஆசிடை விடுவதில்லை என்பதுதான் விஷயம்.

ஃபெர்ரோபிளாஸ்மாவுக்கு செல் சுவர்கூடக் கிடையாது, வெறும் சவ்வுதான். ஆனால் அந்தச் சவ்வு வேறு ரகம். நம் உடம்பின் செல் சவ்வுகளில் கொழுப்பைக் கோத்திருக்கும் இணைப்புகளை ஆசிட் அறுத்துவிடும். இதன் சவ்வில் இருப்பது ஆசிடுக்கு மசியாத ஈத்தர் இணைப்பு. போதாததற்கு, ஒவ்வொரு மூலக்கூறும் சவ்வின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊடுருவி நிற்கிறது. புரோட்டான் நுழைய இடுக்கு கிடைப்பது கஷ்டம். இந்த ஆசிட் பிரியர்களில் பல, பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்த்துவைத்து, செல்லின் உள்பக்கத்தை நேர்மின்னாகவும் வைத்துக்கொள்கின்றன. புரோட்டானும் நேர்மின் என்பதால் வாசலிலேயே தள்ளப்படுகிறது.

இதையும் மீறி நுழைவதை என்ன செய்வது? சிலதைப் பம்ப் செய்து வெளியே தள்ளுகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வழி. இரும்பிடம் எடுத்த எலக்ட்ரான், உள்ளே வந்த புரோட்டான், ஆக்ஸிஜன், மூன்றையும் சேர்த்துத் தண்ணீராக்கிவிடுகின்றன. நுழையும் வழியில் அதே புரோட்டானிடம் வேலை வாங்கி ஏடிபி என்ற எனர்ஜி மூலக்கூறையும் தயாரித்துக்கொள்கின்றன.

இவ்வளவு கெட்டியான ஆட்களுக்கு வினிகர் ஆகாது. நிஜமாகத்தான். வினிகரில் இருக்கும் அசிட்டிக் ஆசிட், கடும் அமிலச் சூழலில் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறாக இருக்கும். அதனால் சவ்வைச் சாதாரணமாகக் கடந்து உள்ளே போய், அங்கே உடைந்து புரோட்டானைக் கக்கும். கோட்டைக்குள் புகுந்து கதவைத் திறந்துவிடும் ஒற்றன் மாதிரி.

இந்த மிதக்கும் ஆடையை வெறும் விநோதம் என்று ஒதுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜில்லியன் பான்ஃபீல்ட் குழு, 2004-இல் இதிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுத்து, ஆய்வகத்தில் வளர்க்காமலேயே சில நுண்ணுயிரிகளின் மரபணுத் தொகுதியை ஏறக்குறைய முழுசாகக் கோத்தது. அந்த டிஎன்ஏக்களில் கிரிஸ்பர் வரிசைகள் தென்பட்டன. போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் போட்டோ மாட்டியிருப்பார்களே, அதுபோல, முன்பு தாக்கிய வைரஸ்களின் டிஎன்ஏ துண்டுகளை பாக்டீரியாக்கள் சேமித்து வைக்கும் முறை. இதைப் பற்றிப் பேசத்தான் 2006-இல் பான்ஃபீல்ட், அதே வளாகத்தில் இருந்த ஜெனிஃபர் டவுட்னாவுக்கு போன் செய்தார். டவுட்னாவும் எம்மானுவேல் ஷார்பென்டியேவும் கிரிஸ்பர் மரபணுக் கத்தரிக்காக 2020-இல் நோபல் வாங்கினார்கள்.

எனவே நுண்ணுயிரியை வில்லனாக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. சிலி போன்ற நாடுகளில் தாதுக் குவியலிலிருந்து தாமிரத்தைக் கரைத்தெடுக்க இதே இனங்களைத்தான் கூலி கொடுக்காமல் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பைரைட்டும் காற்றும் தண்ணீரும் சந்தித்தால் இவை தம் வேலையைச் செய்யும். கேள்வி கேட்க வேண்டியது, சந்திக்க வைத்தவர்களை.

திறந்த கதவை மூடிவிட்டால் என்ன? அயர்ன் மவுன்டன் சுரங்க வாய்களை அடைத்துவிடலாம் என்றும் யோசனை வந்தது. அப்படிச் செய்திருந்தால் உள்ளே படிந்திருந்த உப்புகள் கரைந்து, பிஹெச் 1-க்கும் கீழே சுமார் 6 லட்சம் கன மீட்டர் ஆசிட் குளம் மலைக்குள் தேங்கியிருக்கும் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நார்ட்ஸ்ட்ரம், ஆல்பர்ஸ் இருவரும் 1999-இல் எச்சரித்தார்கள். அதனால் இன்றும் தண்ணீரைப் பிடித்து, சுண்ணாம்பு கலந்து, உலோகத்தைச் சேறாகப் பிரித்து, அதே மலைமேல் இருக்கும் பழைய குழியில் கொட்டுகிறார்கள். நிறுத்தினால் அது சாக்ரமென்டோ ஆற்றுக்குப் போகும், சால்மன் மீன்கள் இருக்கும் ஆறு.

அமெரிக்கா சமாச்சாரம்தானே என்று ஸ்க்ரோல் பண்ணிவிட வேண்டாம். மேகாலயாவின் ஜெயிந்தியா மலைகளில் நிலக்கரியோடும் பைரைட் கந்தகம் இருக்கிறது. அங்கே லூகா நதி குளிர்காலத்தில் நீலமாக மாறுகிறது, மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. சிமென்ட் ஆலைகள் பக்கமும் விரல் நீண்டாலும், சுரங்கங்களிலிருந்து வழியும் அமிலத் தண்ணீர் முக்கியச் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. எலிவளைச் சுரங்கத்துக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை போட்டது. ஏற்கெனவே வெட்டிய வளைகளுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு எந்தத் தடையும் பொருந்தாது.

மின்சார வாகனம், சார்ஜர், டேட்டா சென்டர் எல்லாவற்றுக்கும் தாமிரம் வேண்டும். தோண்டாதே என்று போனில் டைப் செய்துகொண்டே சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுரங்கத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, உள்ளே எவ்வளவு பைரைட் இருக்கிறது, மூடிய பிறகு அந்தத் தண்ணீரை எத்தனை வருஷம், யார் காசில் சுத்தம் செய்வது என்று எழுதி வாங்க வேண்டும். மேலே நாலு மரம் நட்டு போட்டோ எடுத்துக்கொள்வதை ‘மூடல்’ என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

அயர்ன் மவுன்டனில் அந்தக் கணக்கைச் சுரங்கம் மூடி 37 வருஷம் கழித்து, 2000-இல்தான் போட்டார்கள். ஒப்பந்தப்படி, எதிர்காலச் செலவுக்காக 2030-இல் அரசுகளுக்கு 51.4 கோடி டாலர் வர வேண்டும். இப்போதைய வேகத்தில் மலைக்குள் மிச்சமிருக்கும் பைரைட் கரைந்து தீர, சுமார் 3,000 வருஷம் ஆகுமாம்.