வாலிபர்களைக் குறை கூறுமுன்



பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் நாம் மக்தப் நடத்துவது ஃபஜ்ருக்குப் பின், இல்லையேல் மஃரிபுக்குப் பின். பதினைந்து வயது மகன் அந்நேரம் தந்தையோடு தோணியில் இருக்கிறான். பருவமடைந்த மகளோ வீட்டோடு நின்றுவிட்டாள். பிறகு, "வாலிபர்களுக்கு மார்க்கப்பற்று இல்லை" என்று மிம்பரில் நின்று வருந்துகிறோம். இது நியாயமா?

வீட்டிலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அரபுத்தமிழில் நூல்கள் இயற்றியது, அரபு மொழி அறியாதோரும் சட்டங்களைத் தம் மொழியிலேயே விளங்கிக்கொள்வதற்காகத்தான். நாமோ ஓதி முடித்ததோடு கல்வியையும் முடித்துவிடுகிறோம்.

தோணிக்குப் போகும் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்ணலாமா?" ஷாஃபிஈ மத்ஹபில் கூடும், ஹனஃபி மத்ஹபில் கூடாது என்றேன். அடுத்து, "வியாபாரியிடம் கடன் வாங்கியிருப்பதால் அவருக்கே குறைந்த விலைக்கு மீன் கொடுக்கிறோமே, அது?" என்றான். கடனுக்கு நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயம் வட்டியே என்று விளக்கினேன். தன் வீட்டுக் கணக்கை எண்ணிப் பார்த்தானோ என்னவோ, நெடுநேரம் பேசவில்லை. மக்தபில் பயின்ற ஆண்டுகளில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்க நாம் விட்டதுமில்லை.

ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். பெண் பிள்ளைகளுக்கு, ஓதிக்கொடுக்கத் தெரிந்த ஒரு தாயின் வீடு போதும். அந்தத் தாய்க்குக் கொடுக்க நிதியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மினாராவுக்கு வண்ணம் பூசியபோது நிதி இருந்தது.