சர்க்கரை நோய் உள்ள பூனை சாப்பிடாவிட்டால் இன்சுலின் போடலாமா?

கேள்வி: ‘‘எங்கள் வீட்டில் பத்து வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. நெல் மூட்டை அடுக்கும் அறையில் எலி அண்டாமல் காப்பது அதுதான். அதற்குச் சர்க்கரை நோய் இருப்பதால், காலை, மாலை இன்சுலின் போடுகிறோம். போன மாதம் ஒன்றரை நாள் மீனைக்கூடத் தொடாமல் படுத்துக் கிடந்தது. மறுபடியும் அப்படி நடந்தால் ஊசி போடலாமா, நிறுத்த வேண்டுமா?’’

- வாசகி, திருநின்றவூர்.

பதில்: போடுவதிலும் ஆபத்து உண்டு, நாள் கணக்கில் நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. வயிற்றில் இரை இல்லாதபோது வழக்கமான அளவு இன்சுலினை முழுதாகப் போட்டால், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். பூனை தள்ளாடும், வலிப்பு வந்து இறந்தும் போகலாம். இன்சுலினே கிடைக்காவிட்டால், உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேரும். அதுவும் உயிருக்கு உலை வைக்கும்.

எனவே, முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடவில்லை என்றால், ஊசி போடும் முன் கால்நடை மருத்துவரிடம் போனில் கேளுங்கள். அளவைக் குறைப்பதா, அந்த வேளையை விடுவதா என்று அவர் சொல்வார். அவர் கிடைக்காவிட்டால், முழு அளவைப் போடுவதைவிட ஒரு வேளையை விடுவது பாதுகாப்பானது. அடுத்த வேளையும் சாப்பிடாவிட்டால் காத்திருக்க வேண்டாம்; மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள். வாந்தி, வேகமான மூச்சு, வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாடை, எழ முடியாத சோர்வு இருந்தால் அந்த ஒரு வேளைகூடப் பொறுக்கக் கூடாது. மனிதர்களைப் போலப் பூனைக்குப் பட்டினி ஒத்துவராது. குறிப்பாக, பருத்த பூனை இரண்டு, மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து, மஞ்சள் காமாலை வந்துவிடும்.

ஏன் சாப்பிடவில்லை?

பல் வலி, சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, சிறுநீரகக் கோளாறு என்று காரணங்கள் பல. விவசாய வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புரோமடியோலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றிருக்கலாம். இந்த மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும். அறிகுறி தெரியச் சில நாள்கள் ஆகும். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ, மருந்து பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். இதற்கு வைட்டமின் கே1 மருந்து உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

மத்தி மீனையோ கோழிக்கறியையோ உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள், எலும்பு நீக்கி, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். சூட்டில் வாசனை எழும்பும். வாசனைதான் பூனையைத் தின்னத் தூண்டும். வெங்காயம், பூண்டு பூனைக்கு விஷம். வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்தால் பூனை இறந்துவிடும். வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.

ஊசி போட்ட பிறகு பூனை தள்ளாடினால், விரலில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தொட்டு ஈறில் தடவிவிட்டு, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வலிப்பு வந்தால் வாய்க்குள் விரல் வைக்காதீர்கள்.

சிரிஞ்சில் கவனம்

இன்சுலின் மருந்து, ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு விதமாகக் கிடைக்கிறது. நம் ஊரில் 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால், இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பூனைக்கு வழக்கமாக ஒரு யூனிட், இரண்டு யூனிட் அளவில்தான் தொடங்குவார்கள். அந்தச் சின்ன உடம்பு இந்தத் தவறைத் தாங்காது. பெரியவர்களின் இன்சுலினும் அதே ஃபிரிட்ஜில் இருந்தால், தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

எங்கே போவது?

அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ் ஏற்றுதல் தேவைப்பட்டால், வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம்தான். மருந்துப் புட்டி, சிரிஞ்சு, கடைசியாக ஊசி போட்ட நேரம், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைச் சீட்டில் குறித்துக் கொண்டு போங்கள்.

பூனை தேறிய பிறகு, பால் சோறு, தயிர்ச் சோற்றைக் குறைத்து மீன், கறி, முட்டைக்கு மாற்றுவது நல்லது. ஆனால், மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். மருத்துவரிடம் சொல்லி, ஊசி அளவைச் சரிபார்த்துக்கொண்டே உணவைப் படிப்படியாக மாற்றுங்கள்.