தற்செயல் என்னும் சொல்

அறிவியல் வரலாற்றைத் தமிழில் சொல்லப் புகுவோர் பலரும் ஒரு சொல்லைத் தாராளமாகக் கையாளுகின்றனர். 'தற்செயல்' என்பதே அச்சொல். மின்சாரத்தைக் கடத்தும் நெகிழிகளின் கதையும் இவ்வாறே சொல்லப்பட்டு வருகிறது. மாணவர் ஒருவர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டார், புதுப்பொருள் பிறந்தது, 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிட்டியது. கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆயினும் இக்கதை, உழைப்புக்கும் உண்மைக்கும் ஒருங்கே இழுக்குச் செய்கிறது என்பதே நம் கருத்து.

நிகழ்ந்ததை நோக்குவோம். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடேகி ஷிரகாவா, அசிட்டிலீன் வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பலபடியாகும் முறையை ஆராய்ந்து வந்தார். அதுகாறும் அப்பலபடி, எதிலும் கரையாத, உருகாத கரும்பொடியாகவே கிடைத்தது. 1967இல் அவருடன் பணியாற்றியவர் மாணவர் அல்லர். கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர். வினையூக்கியின் அளவு 'மில்லிமோல்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'மோல்' ஆயிற்று. பொடி கிடைக்கவில்லை, கரைசலின் மேற்பரப்பில் வெள்ளிபோல் மின்னும் ஏடு படர்ந்தது.

தற்செயல் இங்கே முடிந்துவிடுகிறது. குடுவையைக் கழுவி வைத்துவிட்டு, குறிப்பேட்டில் 'பழுது' என்று எழுதி அப்பால் போயிருப்போர் எத்தனை பேரோ! ஷிரகாவா அவ்வாறு செய்யவில்லை. ஏடு ஏன் படர்ந்தது என்று வினவினார். வினையூக்கியின் செறிவை மாற்றி மாற்றிப் பார்த்தார். சுழியத்திற்குக் கீழ் 78 பாகையில் செம்புநிற ஏடும், 150 பாகை வெப்பத்தில் வெள்ளிநிற ஏடும் உருவாவதைத் தெளிந்தார். ஆண்டுகள் பல இவ்வாறே கழிந்தன. 1975இல் டோக்கியோவுக்கு வந்த ஆலன் மக்டயார்மிட் இந்த வெள்ளி ஏட்டைப் பற்றி அறிந்து, ஷிரகாவாவைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே இயற்பியலறிஞர் ஆலன் ஹீகரும் இணைந்தார். 1976 நவம்பரில் அவ்வேட்டின்மீது புரோமின் ஆவியைச் செலுத்தியபோது, மின்கடத்துதிறன் சில நிமிடங்களில் கோடி மடங்கு உயர்ந்தது. குடுவையில் ஏடு படர்ந்த நாளுக்கும் இந்நாளுக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள்! அவற்றை எந்தத் தற்செயலின் கணக்கில் எழுதுவது?

நெகிழி மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? பொதுவாக அது மெய்யே. ஆனால் இவ்வகைப் பலபடிகளின் கரிமத் தொடரில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்துள்ளன. அதனால் சில எலக்ட்ரான்கள் ஓரணுவுக்கு மட்டும் உரிமையாகாமல் தொடர் நெடுகிலும் பரவி நிற்கின்றன. எனினும் இடம் முழுதும் நிறைந்திருப்பின் நகர்வதெப்படி? ஜும்ஆத் தொழுகையின் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். முன் வரிசையில் ஒருவர் விலகினால் பின்னிருப்பவர் முன்வந்து அவ்விடத்தை நிரப்புவார்; அவர் விட்ட இடத்துக்கு அவர்க்குப் பின்னிருப்பவர் வருவார்; வெற்றிடம் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். புரோமினோ அயோடினோ ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டால் அத்தகைய வெற்றிடம் பிறக்கிறது. அதன் நகர்ச்சியே மின்னோட்டம்.

ஒளியும் இதே வழியில் கிட்டியது. 1990இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்ட், டோனல் பிராட்லி, ஜெரமி பரோஸ் முதலானோர், பாலிபினைலீன்வினைலீன் என்னும் பலபடியின் மெல்லிய படலத்தை இரு மின்முனைகளுக்கிடையே வைத்தனர். ஒரு முனையிலிருந்து எலக்ட்ரானும் மறு முனையிலிருந்து வெற்றிடமும் புகுந்து நடுவே கூடுகையில் மஞ்சள் கலந்த பச்சை ஒளி எழுந்தது. அது மிக மங்கலான ஒளிதான். ஒளியைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் 'கிதாபுல் மனாழிர்' எழுதிய இப்னுல் ஹைதம் இருந்திருந்தால், அந்த மங்கலைக் கண்டு முகஞ்சுளித்திருக்கமாட்டார். சோதித்தறியாத எதையும் ஏற்காதவர் அவர்.

இங்கே மறைக்கக்கூடாத செய்தியொன்றும் உண்டு. இன்று கைப்பேசித் திரைகளில் ஒளிர்பவை பெரும்பாலும் இப்பலபடிகள் அல்ல. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் வான்ஸ்லைக்கும் 1987இல் வெளியிட்ட, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் சிறு மூலக்கூறுகளின் வழிவந்தவையே அவை. பலபடியை மைபோல் கரைத்து அச்சிடலாம் என்பது பெரும் வசதி; ஆயினும் ஒளியின் ஆயுளிலும், குறிப்பாக நீல நிறத்தில், அது பின்தங்கியது. பரிசு பெற்ற பாலிஅசிட்டிலீனோ காற்றுப் பட்டாலே கெடுகிறது, சந்தைக்கே வரவில்லை. இதனைச் சுட்டி, 'பயனில்லா ஆராய்ச்சி' என்று பேசுவோரையும் நாம் கண்டிருக்கிறோம். கரிமப் பொருளினுள் மின்னூட்டம் எவ்வாறு நடக்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தியதில் அவ்வேட்டுக்குப் பெரும்பங்குண்டு. விற்பனைச் சீட்டைக் கொண்டு அதனை அளப்பது என்ன நீதியோ?

மீண்டும் அந்தக் கொரிய ஆய்வாளர். தமிழில் இக்கதையை எழுதுவோர் அவரைக் 'கவனக்குறைவான மாணவர்' ஆக்கிவிடுகின்றனர். ஷிரகாவாவோ, தாம் எழுதிக்கொடுத்த குறிப்பிலேயே 'மில்லி' என்பது விடுபட்டிருக்கக்கூடும் என்று தம்மையும் சேர்த்தே பேசினார். பரிசு பெற்றவரே தம்மேல் ஏற்றுக்கொள்ளத் துணிந்த ஐயத்தை நாம் மட்டும் முழுதும் விருந்தினர் தலையில் சுமத்துவானேன்? அடுத்த முறை இக்கதையை மேடையிலோ மலரிலோ சொல்ல நேர்வோர், 'கவனக்குறைவான மாணவர்' என்பதை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி நான்கு வரி கூடுதலாக எழுதட்டும்.